பதினேழாவது கத்தி

பெரம்பூரில், நோரீன் டிகாஸ்டா
ஹார்லிக்ஸ் பாட்டில்களை ஒதுக்கி
மேசைமேல் வைத்தாள்.
மான்கொம்புப் பிடி. மடங்காத அலகு.
ஷெஃபீல்டு முத்திரை பாதி தேய்ந்து.

யாரோ படிக்கல்லில் தீட்டியிருக்கிறார்கள்;
விலை பாதி போச்சு என்று
உள்ளுக்குள் கணக்கு.

“வேட்டைக்குப் போவாரோ உங்க வீட்டுக்காரர்?”

“ஸ்டான்லியா?
கோழி அறுத்தாலே தெருவுக்குப் போயிடுவார்.
மூர் மார்க்கெட்டில் வாங்கினது.
சிறுத்தைக் கதையும்
அங்கேயே சேர்த்து வாங்கினார்.”

கேட்டதைக் கொடுத்தேன்.

இரவு, தையல் மெஷின் எண்ணெயோடு உட்கார்ந்தால்
உறைக்குள் ஏதோ தட்டுப்பட்டது.
ஊசியால் நெம்பினேன்:
உலர்ந்த திராட்சை ஒன்று.

என் பேரேட்டில் கத்திக்கு ஒரு வரி.
ஊர், ஆண்டு, வீழ்த்திய விலங்கு.
விற்றவர்கள் சொன்னபடி
பன்றி, கடமான், மூன்று புலி.

பதினேழில் எழுதினேன்:
கிறிஸ்துமஸ் கேக்.

பிறகு பக்கத்தைப் பின்னால் புரட்டி
பென்சிலால்
ஒரு புலியை அடித்தேன்.