கடைசி இருக்கை வரை

ஊரார் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு
ஓட்டிப்போகிறவள் நான்.
ஐந்து நாற்பதுக்கு எஞ்சினை உசுப்பி
கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டுப் புறப்பட்டால்
தெற்கு டகோட்டாவின் சரளைச் சாலையில் எழுபது மைல்,
இருபத்தாறு பிள்ளைகள்.
ஊரான் பிள்ளையை ஊட்டினால்
தன் பிள்ளை தானே வளருமாம்.
என் வீட்டில் மூன்று பேர் மேசையைச் சுற்றி
பென்சில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.
ஆகஸ்ட் பாதி போய்விட்டது.

வெர்லினுக்குச் சந்தேகமில்லை.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் நான்கு வகுப்பு,
சோற்றுக்கு முன் ஜெபம்,
பாதிக் கட்டணத்தைப் போதகர் தள்ளிவிடுகிறார்,
மீதிக்கு ஒரு கன்றை விற்றால் போதும்.
விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
இங்கே ஏன் சேர்க்க விரும்புகிறீர்கள்?
நான்கு கோடு விட்டிருந்தார்கள்.
முதல் கோட்டில் ‘ஏனென்றால்’ என்று எழுதிவிட்டு
மாடுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

அவன் எழுதாதது எனக்குத் தெரியும்.
பதிமூன்று வயதில்
உடற்பயிற்சிக் கூடத்தின் பின்சுவரில் சாய்த்து
அவன் வாயில் மண்ணைத் திணித்தார்கள்.
சத்தம் கேட்ட ஆசிரியர்
ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

நானோ அந்தப் பள்ளியைத்
தலைக்கு மேலுள்ள நீளக் கண்ணாடியில் பார்க்கிறேன்.
பின்வரிசையில் தொப்பிகள் பறிபோகின்றன,
வீட்டில் சொல்ல முடியாத சொற்கள் பறக்கின்றன.
ட்ரெய்லர் வீட்டு வாசலில் ஏறும் கோல்பி
வெறும் கையை அக்குளில் செருகி வருகிறான்.
மரிசோல் தன் உறைகளில் ஒன்றைக் கழற்றித் தருகிறாள்,
ஆளுக்கு ஒரு கைச் சூடு.
எந்த ஜெபமும் இல்லாமல்தான் அது நடந்தது.
இதை வெர்லினிடம் சொன்னேன்.
‘தொப்பியையும் சொல்’ என்றான்.

அவன் தங்கை ஜோலீன்
ஆறு பேரையும் வீட்டில் வைத்தே படிப்பிக்கிறாள்.
மூத்தவன் லத்தீன் ஒப்பிக்கிறான்.
தபால்காரரைக் கண்டால்
வைக்கோல் கொட்டகைக்குள் ஓடிவிடுகிறான்.

எங்களுக்கும் ஒருமுறை வாய்த்தது.
போன பிப்ரவரியில் பனி
பதினொரு நாள் பாதையை அடைத்தது.
பை தட்டை வெட்டிப் பின்னம் சொல்லித்தந்தேன்.
மூன்றாம் நாள் கத்தினேன்.
ஐந்தாம் நாள் டில்டா
கணக்குப் புத்தகத்தை மாவு டப்பாவில் ஒளித்தாள்.
ஒன்பதாம் நாள்,
மூன்று வருடமாக எழுத்துகள் நழுவியோடும் ஓரின்
தீவன மூட்டையின் முதுகில் விரல் வைத்து
‘ஈ-ரம் ப-டா-மல் வை-க்-க-வும்’ என்றான்.
யாரும் கேட்கவில்லை, அவனாகவே.
நான் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதனால்தான் இத்தனை குழப்பம்.
பனி விலகாமலே இருந்திருந்தால்
முடிவு எங்கள் கையில் இருந்திருக்காது.

ஓரின் இந்த ஒரு வருடம் வீட்டில்.
காலையில் தந்தை, மதியம் நான்.
பெட் ஐந்து வயது,
ஆமை வளர்க்கும் பள்ளிக்குத்தான் போவாளாம்.
எதில் ஆமை இருக்கிறதென்று
இன்னும் விசாரிக்கவில்லை.
விண்ணப்பம் குளிர்பெட்டிக் கதவில்
‘ஏனென்றால்’ என்பதோடு தொங்குகிறது.
டில்டா எங்களைக் கேட்கவேயில்லை.
‘உன் பஸ்ஸில் வருகிறேன்.
பிள்ளைகள் முன்னால் என்னைச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிடாதே.’

திங்கள் காலை
என் வாசலிலேயே நிறுத்தினேன்.
சிவப்பு விளக்குகளைப் போட்டேன்.
சாலையில் ஒரு வண்டியும் இல்லை, விதி விதிதான்.
அவள் ஏறினாள், என்னைப் பார்க்காமல்
கடைசி வரிசைக்குப் போனாள்.
சமையலறை ஜன்னலில் வெர்லின்,
கையில் காபி.
ஜன்னல் திறந்திருந்தது.

பள்ளியில் எல்லோரும் இறங்கிய பிறகு
ஓட்டுநர் வண்டியின் கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும்,
தூங்கிப்போன பிள்ளை எதுவும்
விட்டுப்போயிருக்கிறதா என்று.
தினமும் செய்வதுதான்.
அன்று ஒவ்வொரு இருக்கைக்கும் குனிந்தேன்.
ஒரு ஆப்பிள் கடி, ஒரு ஹேர்பின்.
திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
எழுந்து
இன்னொரு தடவை போனேன்.