பத்தாவது ஊசி

முன்பக்கத் துளை இரண்டும் செத்து
எத்தனை வருடம் என்று கேட்டால்
யெர்கோ வடக்கே போன நாளிலிருந்து என்பேன்.
யாரும் கேட்பதில்லை.
பென்டிரைவை நீட்டுவார்கள். நான் மேசைக்கடியில் குனிவேன்.
பெட்டியின் முதுகை விரலால் தடவி,
ஒருமுறை நேராய், ஒருமுறை தலைகீழாய்,
திரும்பவும் நேராய்ச் செருகிவிட்டு
நிமிரும்போது முழங்காலைத் திட்டுவேன்.
அப்புறம், வழக்கம்போல, தம்பியை.

இந்தப் பெட்டியைப் பூட்டியவன் அவன்தான்.
அரைகுறை. எதையும் முடித்துவைக்காத ஜென்மம்.
அப்பாவின் வீட்டுப் பத்திரத்தில்கூட
கையெழுத்துப் போடாமல்
அந்தோஃபகாஸ்தா சுரங்கத்துக்கு விமானம் ஏறியவன்.

இன்று புந்தா அரேனாஸில் காற்று நூற்றுப் பத்து.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்,
ஆட்கள் பிடித்து நடக்க.
அதைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரே ஆள் நிபால்தோ.
ராஜ நண்டு பிடிப்பவர்.
உரிமப் படிவம் சட்டைக்குள், பென்டிரைவில், பிளாஸ்டிக் உறை சுற்றி.
குனிந்தேன்.
வாடிக்கையாளருக்கென்று நான் விட்டுவைத்த ஒற்றைத் துளை
உள்ளுக்குள் புதைந்துபோனது.
மற்றதெல்லாம் பிரிண்டர், ஸ்கேனர், மவுஸ், கீபோர்டு.

“மெதுவாகப் பாருங்கள் டானிட்சா,
இந்தக் காற்றில் எந்தப் படகு போகும்?” என்றார்.

பல்குச்சியால் முன்பக்கத்தைக் கிண்டினேன்.
கம்பளி நூல், மிட்டாய்த்தாளின் வெள்ளித் துணுக்கு.
வேறு பென்டிரைவ். அதே மௌனம்.
அணைத்துப் போட்டேன். அதே.
சாதனப் பட்டியலைத் திறந்தால்
எல்லாம் நலம் என்கிறது கணினி.
அது பொய் சொல்லவில்லை.
தனக்கு முன்பக்கம் ஒன்று இருப்பதே
அதற்குத் தெரியாது.

ஒயரைப் பிடுங்கினேன்.
பொத்தானை அழுத்திப் பத்து எண்ணினேன்.
பெட்டியின் இரும்பைத் தொட்டதும் சுரீர் என்றது,
ஸ்வெட்டரிலிருந்த மின்சாரம். உள்ளே போகாமல்
என் விரலோடு போனதே, நல்லது.
பக்கப் பலகை. இரண்டு திருகு, ஒன்று வேறு ஜாதி.
நிபால்தோ போனில் டார்ச் அடித்தார்.

அங்கே இருந்தது.
முன்பக்கத்திலிருந்து இறங்கிவந்த கறுப்பு ஒயர்,
சுருட்டி, பட்டை போட்டு,
டிஸ்க்கின் விலாவில் கட்டிவைத்தபடி.
அதன் நுனி எதிலும் இல்லை.

“பார்த்தீர்களா, மாட்டவே இல்லை படுபாவி!”

பலகையின் கீழ்விளிம்பில் இரண்டு வரிசை ஊசி.
பத்து இடம், ஒன்பது ஊசி.
ஒயரின் வாயிலும் ஒன்பது துளை, ஒன்று அடைப்பு.
இல்லாத ஊசிதான் சொல்கிறது
எந்தப் பக்கம் என்று.
வளைக்காமல், நெரிக்காமல், நேரே கீழே.
மூச்சைப் பிடித்துக்கொண்டது நான் மட்டுமல்ல.

“இங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது” என்றார் நிபால்தோ.
வாரண்டி ஸ்டிக்கர். துறைமுகத்துப் பக்கக் கடை.
ஆகஸ்ட், 2019.

யெர்கோ போனது அதற்கு முந்தின வருடம், மார்ச்சில்.

மின்னழுத்தம் எகிறிப் பழைய பலகை எரிந்த குளிர்காலம்.
பெட்டியைத் தூக்கிப் போனது நான்.
நாளைக்கே வேண்டும் என்று அந்தப் பையனின்
தலைமேல் நின்றதும் நான்.
அதற்கு முன்னால்
யெர்கோவின் குட்டி விளக்கு ஒன்று முன்பக்கத்தில் சொருகியிருக்கும்,
ராத்திரி கணக்கெழுத.
எரிந்தது அது.
அவன் போன பிறகும் எரிந்தது.

மூடினேன். மின்சாரம்.
இடது துளையில் பென்டிரைவின் கண் பச்சையாய்த் திறந்தது.
வலது துளையின் நாக்கு என்றைக்கோ உடைந்திருக்கிறது,
அது போகட்டும்.
நான்கு பக்கம், நானூறு பெசோ.
நிபால்தோ படிவத்தை உறையில் சுற்றிக்கொண்டு
கயிற்றை நோக்கிப் போனார்.

மூடும் முன் எடுத்த படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன்.
அடியில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
‘முன்பக்கம் வேலை செய்கிறது’ என்று எழுதினேன்.
கடை அடைக்கும் நேரத்தில்
இரண்டு கோடும் நீலமாயின.

‘எப்போது கெட்டது?’ என்று கேட்டிருந்தான்.