மேட்டு மடிப்பு, பள்ள மடிப்பு

கோடு கோடாக வந்தால் மேடு.
புள்ளி புள்ளியாக வந்தால் பள்ளம்.
தடித்த கோட்டில் கத்தரிக்கோல்.
சட்டம் இவ்வளவுதான்.

வல்திவியாவில் ஜூன் மாதம்.
மழை பெய்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் சொல்வார்கள்.
மூன்றாம் மாடியில் பதினெட்டுக் கணினிகள்,
பதினாறுக்கு உயிர் உண்டு.
ஒன்றின் திரையில் ஒரு மனிதர் பிரிந்து கிடக்கிறார்:
தொப்பி தனியே, தோள் தனியே,
கன்னங்களின் இருபுறமும் காதுகள் விரிந்து,
உரித்துப் பரப்பிய ஆரஞ்சுத் தோல்போல.

நெஹுவென் வரைந்தது.
ஏழரை மணி பஸ்ஸின் ஓட்டுநர்.
மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம்,
அதனால் சீருடையைக் கண்டால்
முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்,
தேங்கிய தண்ணீரை எங்கள் மேல் வாரியடித்து.

மூன்று வாரம் அந்த முகத்தோடு குடித்தனம் நடத்தினான்.
புருவத்தை ஒரு மயிரிழை இறக்கினான், ஏற்றினான்.
மூக்கோரம் ஒரு மரு. அழித்தான்.
மனம் கேட்காமல்
கண்ட்ரோல் இசட் தட்டித் திரும்ப வரவழைத்தான்.
எங்கள் வகுப்பிலேயே அழகான உம்மணாமூஞ்சி.

நான் செய்தது கடல்சிங்கம்,
மீன்சந்தைப் படித்துறையில் கிடக்குமே, அதில் ஒன்று.
பாதி வகுப்பு அதைத்தான் செய்தது. விடுங்கள்.

வெள்ளிக்கிழமை தேர்வு.
உன் தாளை நீ மடிக்கக் கூடாது,
அடுத்தவர் மடிக்கும்போது
வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது.
தாளுக்கு வாய் இருந்தால் அது பேசட்டும்
என்றார் ஓரியெத்தா டீச்சர்.

நெஹுவெனின் தாள் யஸ்னாவிடம் போனது.
யஸ்னா சொன்னதைச் செய்கிறவள்.
மை தீர்ந்த பேனாவால் ஒவ்வொரு கோட்டையும் கீறி,
நகத்தால் நீவி,
கோடா, மேடு. புள்ளியா, பள்ளம்.
மூன்றாவது மடிப்பிலேயே
நெஹுவென் இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் திணித்துக்கொண்டான்.

ஏதோ ஓர் இரவில், தூக்கக் கலக்கத்தில்,
ஒத்த கோடுகளை எல்லாம் ஒரே சொடுக்கில் அள்ளி
மாற்றித் தொலைத்திருக்கிறான்.
மேடெல்லாம் பள்ளம்.
பள்ளமெல்லாம் மேடு.

யஸ்னா மேசையில் நிறுத்தினாள்:
வெள்ளைப் பெட்டியின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி.
கண் இல்லை. மரு இல்லை. புருவம் இல்லை.
ஊசி முனை மூலைகள்.
யார் இது, என்றாள்,
நிஜமாகவே தெரியாமல்.

சிரிப்பு ஓய நேரமானது.
அமாரோதான் தலையைக் கழற்றி
கழுத்துத் துவாரத்தில் கண்ணை வைத்தான்.
சிரிப்பை நிறுத்தினான்.
பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினான்.

என் முறையும் வந்தது.
ட்யூப்லைட் வெளிச்சம் தாளில் கசிய
உள்ளே இருந்தார் அவர்.
எதிரே முகம், இந்தப் பக்கம் ஒரு காது,
அந்தப் பக்கம் ஒரு காது,
அண்ணாந்தால் தொப்பி.
முகமே அகமாகிப்போன மனிதர்.
திருப்பிக்கொள்ள அவருக்கு ஒரு பக்கம்கூட மிச்சமில்லை.
அந்த மரு மிக அருகில் இருந்தது.

ஏழுக்கு ஐந்து புள்ளி நான்கு.
'கோடுகள் தலைகீழ், மூலைகள் அருமை.'
மூலைகள் என்னுடையவை என்று
யஸ்னா எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

திங்களன்று திருத்திய தாளை அவனே மடித்தான்.
முகம் வெளியே, பிசிறில்லாமல்.
நன்றாயிருக்கிறது என்றோம்,
கையில் எடுக்கவில்லை.
ஜன்னலோரம் நின்ற வெள்ளை ஆளுக்குத்தான்
கழுத்து முழுக்க விரல் அழுக்கு.

செவ்வாய். ஏழரை. மழை.
பஸ் வந்தது.
உள்ளே நெரிந்து நின்றவர்களின் மூச்சில்
முன்கண்ணாடி முழுக்க வெள்ளை.
வைப்பர் வெளியே மட்டும் துடைத்துக்கொண்டிருந்தது.

நிற்கவில்லை.
வழக்கம்போல் வைதோம்.
நெஹுவென் மட்டும்
நனைந்தபடி லேசாகக் குனிந்து,
ஒரு கண்ணை மூடி,
போகிற வண்டியில்
துவாரம் எங்கே என்று தேடினான்.