தெற்கு முகம்

வெளியேறும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு சீட்டு வேண்டும்.
கம்பியில் கோத்து ஈயம் வைத்து நசுக்கியது,
கட்டினால் அறுக்காமல் கழற்ற முடியாது.
நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும்.
எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதிக்குள்.
காய்ந்து விழுந்த இரும்புமரத்து விறகுக்கும் உண்டு.
செத்ததற்குமா சட்டம் என்று
போன வாரம் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.
செத்ததற்குத்தான் வழக்கு அதிகம் என்றேன்.

புளோரன்ஸ் சாலை. இரவு இரண்டேகால்.
ரெனாட்டா போஹோர்கெஸ், வயது முப்பத்தொன்று,
வாடகை டிரக், பின்விளக்கு ஒன்று எரியவில்லை.
அதற்காகத்தான் நிறுத்தினேன்.
உள்ளே பழைய மெத்தையின் மேல்
முதுகு ஒடிந்தவரைக் கிடத்தியதுபோல்
ஒரு சாகுவாரோ.
என் நெஞ்சு உயரம், இன்னும் கை முளைக்காதது.
நாற்பது வயதாவது இருக்கும்,
எங்கள் இருவருக்கும் மூத்தது.
கயிறு அறுக்காமலிருக்க
தோட்டத்து ரப்பர் குழாயைப் பிளந்து செருகியிருந்தாள்.

சீட்டு?
இல்லை.
கடிதம்?
கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள்:
வேலிக் கம்பத்தில் ஒட்டிய அறிவிப்பு.
நிலத்துக்காரர் முறைப்படி துறைக்கு எழுதியிருக்கிறார்,
முறைப்படி நாள்கள் கழிந்திருக்கின்றன,
வியாழக்கிழமை காலை புல்டோசர்.
எழுபத்தாறு வீடுகள், ஒரு நீச்சல்குளம்.

"நசுக்கினால் குற்றமில்லை," என்றாள்.
கேட்கவில்லை, சொன்னாள்.
ஆமாம் என்றேன்.
"தூக்கினால்?"
நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

கள்ளியோடு பிடிபட்டவளையும்
கள்ளி என்றே எழுதுகிற மொழி எங்காவது இருக்கக்கூடும்.
என் படிவத்தில் தனித்தனிக் கட்டம்.
செடி: உயரம் நாலே முக்கால் அடி. கைகள்: பூஜ்யம்.
நபர்: உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.
கைகள்: முள் கீறல். விலங்கிடவில்லை.

கையெழுத்துப் போடும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்:
"தெற்குப் பக்கம் சுண்ணாம்புக் கோடு இழுத்திருக்கிறேன்.
வெயில் தின்று தடித்த தோல் அது.
வடக்குத் தோல் பிஞ்சு.
மாற்றி நட்டால் வெந்துபோகும்."
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பின்விளக்குப் பழுதுக்குக் கீழே எழுதினேன்:
கோடு, தெற்கு.

சான்றுப்பொருள் அறையில்
துப்பாக்கிக்கு அலமாரி உண்டு, பணத்துக்குப் பெட்டி உண்டு.
வேருள்ளதை எங்கே வைப்பது?
தீர்ப்பு வரும்வரை உயிரோடு இருக்கவேண்டும் என்றார்
மேலதிகாரி குண்டர்சன்,
யார் தண்ணீர் ஊற்றுவது என்று சொல்லாமல்.
ஜெனரேட்டருக்குப் பின்னால் குழி வெட்டினேன்.
தார்ப்பாய் உரசியதில் கோடு பாதி அழிந்திருந்தது,
மீதிப் பாதியை வைத்துத் திசைகாட்டியில் சரிபார்த்து நிறுத்தினேன்.
அதன் முதல் சீட்டு கட்டப்பட்டது:
வழக்கு எண்.

நீதிபதி கேட்டார், செடி பிழைத்திருக்கிறதா?
பச்சையாக இருக்கிறது என்றேன்.
அபராதத்தைத் தவணையில் கட்ட அனுமதித்தார்.
அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த எழுபத்தாறு வீடுகளில்
பல வாசல்களில் இன்று ஆளுயரச் சாகுவாரோ நிற்கிறது,
மரச்சட்டத்தில் முட்டுக்கொடுத்து.
வேறெங்கோ பிடுங்கி விலைக்கு வந்தவை.
எல்லாவற்றிலும் சீட்டு இருக்கிறது, நானே பார்த்தேன்.
எந்தத் திசை பார்த்து நின்றவை என்று
எந்தச் சீட்டிலும் இல்லை.

வழக்கு முடிந்து மூன்று கோடை ஆகிறது.
வேர் விட்டுப்போன சாகுவாரோ
செத்ததை வெளியே சொல்ல வருஷக்கணக்கில் எடுக்கும்.
உள்ளே சேர்த்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு
பச்சையாகவே நிற்கும்.
வேலை முடிந்ததும் ஜெனரேட்டர் பக்கம் போய்
முள்ளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்.
உறுதியாகத்தான் இருக்கிறது.
அது எதையும் நிரூபிக்காது.