பெண்கள் பக்கத்துக் கமரா

சாய்ந்தமருதில் கரண்ட் போன செவ்வாய் இரவு
மேசையில் இரண்டு கமரா.
தோஹாவிலிருந்து றிஸ்வானின் பெட்டியில்
காற்சட்டைக்குள் சுருட்டி வந்தவை.
ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.
மற்றது வெள்ளிக்கிழமை கல்முனைக் கடைக்குப் போய்விடும்.

ஆண்கள் பக்கம் பிடிக்க ஊரில் ஆறு பேர்.
அவர்களுக்கு லைட் தூக்க ஒரு பொடியன்
வயர் இழுக்க இன்னொரு பொடியன்.
பெண்கள் பக்கத்துக்கு நான் மட்டும்.
ஒரு கையில் கமரா
மறு கையில் ஒதுக்கிப் பிடித்த திரைச்சேலை.

பெட்டியில் அச்சடித்ததை நான் நம்புவதில்லை.
ஒன்று மூன்று லக்ஸ் என்கிறது, மற்றது ஏழு.
எனக்குத் தெரிந்த லக்ஸ் சவர்க்காரம்.
அதனால் என் சோதனை வேறு:
ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கறுப்பு அபாயா,
அதற்குள் என் மச்சி ஜெஸீமா.
‘சிரிக்காம நில்லுகா.’
சிரித்தாள்.

சாம்பல் நிறக் கமராவுக்கு
இருட்டை இருட்டாக விட மனமில்லை.
அபாயாவையும் சாம்பலாக்கியது.
மெழுகுவர்த்தியை டியூப் லைட் ஆக்கியது.
ஜெஸீமா கையசைத்தாள்,
ஐந்து கை.
கடைசிக் கை
அவள் கையை இறக்கிய பிறகும் போய்க்கொண்டிருந்தது.
மூன்று லக்ஸின் களவு இதுதான்:
ஷட்டரைத் தூங்க விட்டு வெளிச்சம் பொறுக்குவது.

வெள்ளி நிறக் கமரா
அபாயா முழுக்க எறும்பு விட்டது,
சிவப்பு எறும்பு, நீல எறும்பு.
ஆனால் கை ஒரு கை.
கன்னத்து மஞ்சள் கன்னத்தில்.
காதுக்குப் பின்னால் இருட்டு
இருந்தபடியே இருந்தது.

பிறகு அகலம்.
பதினாறுக்கு ஒன்பது என்று இரண்டிலும் ஒரு பொத்தான்.
நிற்கும் இடத்தை மாற்றாமல்
சுவரோரம் ஐந்து கதிரை போட்டுப் பார்த்தேன்.

சாம்பலில் பொத்தானை அமத்தினால்
மேலே ஒரு கறுப்புப் பட்டி, கீழே ஒரு கறுப்புப் பட்டி.
ஐந்தாவது கதிரை வரவேயில்லை.
ஜெஸீமாவின் உச்சியும் பாதமும் போனதுதான் மிச்சம்.
துணி போதாமல் கையைக் குட்டையாகத் தைத்துவிட்டு
இதுதான் இப்ப பஷன் என்கிற தையற்காரி மாதிரி.

வெள்ளியில் அமத்தினேன்.
ஐந்தாவது கதிரை வந்தது.
அதற்கப்பால் குசினிக் கதவு வந்தது.
கதவில் சாய்ந்து, தீப்பெட்டி கேட்க வந்து நின்ற
சம்சுன்னிஸா ராத்தா வந்தா.

பதினெட்டுக் கலியாணத்துக்கு வட்டிலப்பம் அவித்தவ.
என் கசட் எதிலும் ஒரு முந்தானைகூட இல்லாதவ.

இந்தா பாருங்க, நீங்களும் வந்திட்டீங்க என்று
சந்தோசமாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
நான் பெரிய புண்ணியம் செய்துவிட்டது போல.

மெழுகுவர்த்தியை விட நெருக்கமாக வந்து பார்த்தா.
‘அழிச்சிரு.
ஒண்ட கமரா எதுவரைக்கும் வரும் எண்டு எனக்குத் தெரியும்.
அதப் பார்த்துத்தானே இவ்வளவு நாளும் நிண்ட.’

நானோ
அவவை வெட்டிவிட்டோம் என்று நினைத்திருந்தேன்.

கசட்டைப் பின்னால் ஓட்டி
மூடியைப் போட்டபடி ஒரு நிமிடம் பதிந்தேன்.
வெறும் இருட்டிலும் எறும்பு ஊர்ந்தது.
தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனா.

வெள்ளியை வைத்துக்கொண்டேன்.
சனிக்கிழமை மாளிகைக்காட்டில்,
பெயின்ட் வாசம் போகாத பெண் வீட்டில்
குசினிக் கதவு தெரிந்ததும்
ஓர் அடி முன்னால் போய் நின்றேன்.
ஐந்தாவது கதிரையில் பாதி போயிற்று.
போகட்டும். அதில் பர்தா பை ஒன்றுதான் இருந்தது.

ஆனால் ஊரிலே எல்லாரிடமும் சதுர டீவி.
அகலத்தில் பிடித்ததை அதற்குள் அடைத்தால்
மணப்பெண், தோழிகள், சாச்சிமார், தாலி
எல்லாம் முருங்கைக்காய்.
காசு திருப்பிக் கேட்கப் போகிறார்கள் என்று
கதவோரம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

பெண்ணின் உம்மா,
தொண்ணூறு கிலோ இருப்பா,
தன் முகம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னா.
ஓட்டச் சொன்னா. திரும்பவும் நிறுத்தச் சொன்னா.

‘இளையவள்ட கலியாணத்துக்கும்
இந்தக் கமராவையே கொண்டா மகள்.’