ஞாயிற்றுக்கிழமையின் இருபது நிமிஷம்

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டு
படிவம் ஒன்று வந்திருக்கிறது,
கன்னங்குறிச்சித் தபால் முத்திரையோடு,
குப்புராஜ் போன நாற்பத்தோராம் நாள்.

மதிப்பெண் போடுவது எனக்குப் புதிதில்லை.
இருபத்திரண்டு வருஷமாக ஜவ்வரிசிக்குப் போடுகிறேன்:
வெண்மை, ஈரம், சாம்பல், புளிப்பு.
மூட்டையின் வாயில் இருப்பதை நம்புவதில்லை.
குத்தூசியை ஆழ இறக்கி
நடுவயிற்றிலிருந்து எடுப்பேன்.

முதலில் பார்த்த இரண்டு இடங்களும் வாயில் அழகாயிருந்தன.
ஐந்து ரோட்டுப் பக்கம் ஒன்று. மீன்தொட்டி, தோல் சோபா.
ராத்திரியில் யார் இருப்பார்கள் என்றேன்.
"சிசிடிவி இருக்கு மேடம்."
இன்னொன்றில், மார்ஃபின் என்றதும்
மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்,
கெட்ட வார்த்தை காதில் விழுந்தவர்போல.

மூன்றாவதற்கு நேரில் போகவில்லை.
ராத்திரி இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தேன்.
நாலாவது மணியில் எடுத்தவள்
பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.
"வலி எங்க இருக்கு?" என்றாள்.
சும்மா சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டேன் என்று சொல்ல
வெட்கமாய் இருந்தது.
"அடித்தொண்டையில்" என்றேன். பொய்யில்லை.
பக்கத்தில் விழித்துக் கிடந்த குப்புராஜ்
சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்:
ஈரம் எத்தனை சதவீதம்?

சேர்த்த பிறகு குறித்துக்கொண்டவை.
ஜன்னல் கொக்கி உடைந்து, கட்டுக்கம்பியால் கட்டியிருந்தது.
டாக்டர் தினமும் வருவார் என்றது உண்மையில்லை,
வாரத்தில் மூன்று நாள்.
விரிப்பில் வெயில் மணந்தது.
பக்கத்துக் கட்டில் மாங்காய் மண்டிக்காரரை
பிலவேந்திரி சிஸ்டர் புரட்டிப் படுக்க வைக்குமுன்
"இப்ப இடது பக்கம் போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள்,
அவருக்கு நினைவு தப்பி எட்டு நாளான பிறகும்.
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

உணவு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
குழாய் வழியாகக் கஞ்சி போய்க்கொண்டிருந்த மனுஷன்
ஒரு சாயங்காலம் சிலேட்டில் எழுதினார்: தட்டுவடை செட்.
நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.
ஆயா ராமாயி பஸ் நிறுத்தம்வரை போய் வாங்கி வந்து
சிவப்புச் சட்னியை ஸ்பூன் நுனியால் தொட்டு
அவர் நாக்கில் வைத்தாள்.
கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார்.
பிறகு எழுதினார்: பூண்டு கம்மி.
ஐந்து.

வலி நிவாரணம் என்ற வரியில் பேனா நிற்கிறது.
அந்த ஞாயிறு, ராத்திரி பத்தேகால்.
அலமாரிச் சாவி மேட்ரனின் கைப்பையில் அஸ்தம்பட்டி போயிருந்தது.
மழை. ஸ்கூட்டர். இருபது நிமிஷம்.
சிலேட்டில் அவர் கிறுக்கியது எழுத்தே இல்லை.
பல்பம் ஒடிந்து என் மடியில் விழுந்தது.
பிலவேந்திரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு
"எங்க தப்புதான், எங்க தப்புதான்" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

"அஞ்சு போட்டு அனுப்புங்க அண்ணி,
போன உசுருக்கு என்ன கணக்கு" என்கிறார் கொழுந்தன்.
நல்ல மில் என்பதற்காக
ஈரத்தைக் குறைத்து எழுதியவள் இல்லை நான்.
இரண்டு போட்டேன்.
தபால்பெட்டி விழுங்கிய பிறகு
கை சும்மா இருக்கமாட்டாமல் முந்தானையைத் திருகியது.

மூன்றாம் நாள் பிலவேந்திரி கூப்பிட்டாள்.
"எந்த ஞாயிறுக்கா? தேதி சொல்லுங்க, எழுதிக்கணும்."
சொன்னேன்.
தாளில் பேனா நகர்வது கேட்டது.
"இப்ப ரெண்டு சாவி. ஒண்ணு என் இடுப்புலதான் இருக்கு."
நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள்
அங்கே யாரோ முனகினார்கள்.
"ஒரு நிமிஷம்க்கா" என்று
போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் வைக்கவில்லை.
ஒரு கட்டில் கிறீச்சிட்டது.
காற்றுக்கு அந்த ஜன்னல்
இன்னும் கட்டுக்கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது.