கம்பியின் மறுமுனை

தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறவர்களுக்கு
என் பிழைப்பு தெரியாது.
எனக்கு இந்த மதுரை
ரெண்டு மணி நேரமாவது தூங்கித் தொலைக்க வேண்டும்.

ஐந்தடி இரும்புக் கம்பி.
ஒரு முனை தார்ச்சாலையில்,
மறுமுனையில் பித்தளைக் குமிழ்,
அதில் என் வலது காது.
இடது காது பன்னிரண்டு வயதில்
ஓர் அணுகுண்டு வெடியோடு போய்விட்டது.
ஒப்பந்தக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.
இருக்கிற ஒன்றைத்தான்
வாடகைக்கு விட்டிருக்கிறேன்.
வீட்டில் அதையும் தலையணையில் அழுத்திவிட்டால்
உலகம் அணைந்துவிடும்.

கீழமாரட் வீதியில் லாரியிலிருந்து
வெங்காய மூட்டை விழுந்தால்
குழாய் வழியே நாலு தெரு நடந்து வரும்.
சிம்மக்கல்லில் கடைசி பஸ் போன பிறகும்
ஒரு கல்லின்மேல் ரெண்டு கரண்டிகள்
பரோட்டாவை முன்னிட்டுச் சண்டை போடும்.
இதையெல்லாம் கழித்தால்தான்
தண்ணீர்.

நல்ல குழாய் பேசாது.
ஓட்டை விழுந்ததுதான்
ஸ்ஸ் என்று ஒரே மூச்சில்
எச்சில்கூட விழுங்காமல்
யாரையோ பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நேற்று செல்லூர்.
கடைசித் தறி நிற்கும்வரை காத்திருந்தோம்.
ஒச்சப்பன் கடப்பாரையைத் தோளில் சாய்த்து
மிக்சர் தின்றான்.
"மெல்லாதடா" என்றேன்.
மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டான்,
ஊறட்டும் என்று.

நாலாவது சந்தில் அகப்பட்டது.
சுண்ணாம்பால் வட்டம் போட்டேன்.
அவன் முதல் குத்துக்கு ஓங்கும்போது
ஒரு கதவு திறந்தது.
நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டே
"அங்கிட்டு இல்ல" என்றாள் ஒருத்தி.
"இங்கிட்டு. வாசப்படிக்கு ஒரு சாண் தள்ளி."

மூன்று மாதமாகக் கேட்கிறாளாம்.
தரையில் படுக்கிறவள்.
தலையணையை எடுத்துவிட்டால் இன்னும் தெளிவாம்.
"ஒனக்குக் காதுலதான் கோளாறு" என்று
வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்ச்
சீட்டுப் போட்டிருக்கிறார்.
காது நன்றாக இருப்பதாக
அங்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
அந்தக் காகிதத்தைப் பீரோவில் வைத்திருக்கிறாளாம்,
வீட்டுப் பத்திரத்துக்கு அடியில்.

கம்பியை அவளிடம் நீட்டினேன்.
ஏன் நீட்டினேனோ.
ஒன்பது வருஷத்தில்
இன்னொரு காது அதில் பட்டதில்லை.
தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு
குனிந்தாள்.
ஒச்சப்பன் வாயிலிருந்ததை அப்படியே விழுங்கினான்.

"இது சாக்கடைத் தண்ணி" என்றாள்
என் வட்டத்தைப் பார்த்து.
நகர்ந்து, மறுபடி வைத்து,
கண்ணை மூடி,
"இதான் அது."
அந்த 'அது'வில்
மூன்று மாதம் ஒரே அறையில் இருந்த பழக்கம் இருந்தது.

அவள் சொன்ன இடத்தில் தோண்டினோம்.
இரண்டரை அடியில்
நகக்கண் அளவு விரிசல்.
விசிறியாக எழும்பி
ஒச்சப்பனின் சட்டையை நனைத்தது.
வால்வை மூடி, கிளாம்ப் முறுக்கி, திறந்து,
கம்பியை வைத்துக் கேட்டேன்.
ஒன்றுமில்லை.
அவளிடம் நீட்டினால்
வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.
வாசல் சேற்றைத் துடைப்பத்தால் தள்ளியபடி
"இனிமே எப்படித் தூங்குறது" என்றாள்.

சிரித்துக்கொண்டு சொன்னாளா,
நிஜமாகவே கேட்டாளா,
பிடிபடவில்லை.
அவள் நின்றது என் இடது பக்கம்.

விடிந்து வீட்டுக்கு வந்து
இன்று மாற்றிப் படுத்திருக்கிறேன்,
வலது காது மேலே.
பக்கத்து வீட்டில் குடம் நிறைகிறது.
அடியில் தடதடவென்று இருந்த குரல்
மெலிந்து மெலிந்து உயரே போகிறது.
இடுப்பு.
தோள்.
கழுத்து வந்துவிட்டது,
யாராவது போய்
அந்தக் குழாயை மூடுங்களேன்.